கோல்ட் பிரேம்: பழைய யன்னல் மூடிய பெட்டி செடியை எவ்வாறு காக்கிறது

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீட்டுத்தோட்டம் செய்யும் நம்மவர்களில் பலர், வீடு திருத்தும்போது கழற்றிப் போடும் பழைய யன்னல்களைக் கொண்டு தோட்டத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்துகொள்ள விரும்புகிறார்கள். கோல்ட் பிரேம் (cold frame) எனப்படும் இந்தப் பெட்டியைப் பற்றி வாய்வழியாகப் பரவும் செய்திகளில் சரியும் பிழையும் கலந்திருக்கின்றன. "கண்ணாடி வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே உள்ளே குளிரே இராது" என்பார் ஒருவர். "மிளகாய்க் கன்றைக் குளிர்காலம் முழுவதும் அதற்குள் விட்டுவைக்கலாம்" என்பார் இன்னொருவர். "செய்து பார்த்தேன், எல்லாம் கருகிப்போயிற்று, இந்த ஊர்க் குளிருக்கு அது சரிவராது" என்று கைவிட்டவரும் உண்டு. மூவரும் தவறுவது ஒரே இடத்தில்தான். பெட்டிக்குள் வெப்பம் எவ்வழியாக வருகிறது, எவ்வழியாகப் போகிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அது விளங்கினால், எந்த யன்னலை எடுப்பது, பலகையை எப்படி வெட்டுவது, மூடியை எப்போது திறப்பது என்ற கேள்விகளுக்கு விடை காண்பது கடினமன்று.

## பெட்டியின் அமைப்பு

கோல்ட் பிரேம் என்பது அடித்தட்டு இல்லாமல் நேரே மண்மீது அமரும் தாழ்வான ஒரு பெட்டி. அதன் பின்பலகை உயரமாகவும் முன்பலகை தாழ்வாகவும் இருப்பதால், மேலே வைக்கும் கண்ணாடி மூடி தெற்கு நோக்கிச் சரிந்திருக்கும். உள்ளே மின்சூடாக்கி எதுவும் கிடையாது. வெயில் ஒன்றே அதற்கு வெப்பம் தருவது. பச்சைக் குதிரைச் சாணத்தை அடியில் நிரப்பி, அது மக்கும்போது எழும் சூட்டில் பயிர் வளர்க்கும் முறை ஒன்றும் உண்டு. அதற்கு ஹொட் பெட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் தோட்டக்காரர்கள் குளிர்காலத்தில் சலாது விளைவித்து விற்றது அம்முறையில்தான். இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.

ஒளி புகும் மூடியின் கீழ்ப் பயிர் வளர்ப்பது மிகப் பழைய உத்தி. ரோமப் பேரரசர் திபேரியஸின் உணவுக்காக வெள்ளரி வகை ஒன்றைச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வளர்த்து, வெயில் நேரத்தில் வெளியே தள்ளியும், குளிர்நாட்களில் ஒளி ஊடுருவும் கல்தகட்டின் கீழ் வைத்தும் பேணினார்கள் என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். பேரரசருக்குக் கல்தகடு கிடைத்தது. நமக்கு அயல்வீட்டார் தெருவோரம் வைத்துவிட்டுப் போகும் யன்னல் கிடைக்கிறது.

## வெயிலில் நிற்கும் கார்

மார்ச் மாதத்தில் வெளியே 3 பாகை செல்சியஸ் இருக்கும் ஒரு வெயில் நாளில், கடைத்தொகுதியின் முன்னால் நிறுத்திவிட்டுப் போன காருக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், உள்ளே கதகதப்பாக இருக்கும். கண்ணாடி வழியே புகுந்த ஒளி இருக்கைகளிலும் மற்றப் பரப்புகளிலும் பட்டு வெப்பமாக மாறியிருக்கிறது. அப்பரப்புகள் தம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்கியிருக்கின்றன. இப்போது காரின் கண்ணாடிகளை நான்கு விரல் அளவுக்கு இறக்கிவிட்டால் என்ன ஆகும்? வெயில் குறையவில்லை, கண்ணாடியின் பெரும்பகுதியும் அப்படியே இருக்கிறது. ஆயினும் சிறிது நேரத்தில் அந்தக் கதகதப்புப் போய்விடும்.

சூடான காற்று இலேசாகி மேலெழும். அதன் இடத்தைக் குளிர்ந்த காற்று நிரப்பும். காற்றோ நீரோ இவ்வாறு நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வதற்கு வெப்பச்சலனம் என்று பெயர். திறந்த வெளியில் வெயில் பட்டுச் சூடான மண், தன் சூட்டில் பெரும்பகுதியை இவ்வாறே காற்றிடம் பறிகொடுக்கிறது. கண்ணாடி மூடி பகலில் செய்யும் முதன்மையான வேலை, ஒளியை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியே விடாமல் தடுப்பதுதான். காற்றடிக்கும் நாட்களில் இந்தத் தடுப்பின் பயன் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இதை ஒரு சிறு சோதனையால் காட்டினார். கறுப்பு அட்டைப் பெட்டிகள் இரண்டில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதைப் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். சூடான பொருள்கள் வெளிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுக்கும், பாறையுப்புத் தடுக்காது. கண்ணாடி அக்கதிரைச் சிறைப்படுத்துவதால்தான் பெட்டி சூடாகிறது என்றால், உப்புத் தகடு மூடிய பெட்டி மிகவும் பின்தங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வகை வெயில் கிடைக்கும்படி முதலில் ஒரு கண்ணாடித் தகட்டினூடே ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, இரண்டிற்கும் இடையே ஒரு பாகை வேறுபாடுகூட அரிதாகவே இருந்தது. (வளிமண்டலத்தில் நிகழும் பச்சைவீட்டு விளைவு கதிர்வீச்சு சார்ந்த வேறொரு செயல், அதை இச்சோதனை பொய்யாக்கவில்லை. பெயர்ப் பொருத்தம்தான் சரியில்லை.)

## இரவில் நடப்பது வேறு

பகலில் காற்றைத் தடுத்தால் போதும். இரவில் வெயில் இல்லாததால் வருமானம் நின்று செலவு மட்டுமே தொடர்கிறது. முகில் இல்லாத இரவில் மண்ணும் இலைகளும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் உள்ள காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதே புல்நுனியில் உறைபனி படிவதற்கு இதுவே காரணம். இங்கேதான் கண்ணாடியின் மற்றக் குணம் உதவுகிறது. மண்ணிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை அது உறிஞ்சி, அதில் ஒரு பங்கைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. சாதாரணப் பொலித்தீன் தாளுக்கு இக்குணம் மிகக் குறைவு. ஆகவே யன்னலுக்குப் பதிலாகப் பொலித்தீன் கட்டிய பெட்டி பகலில் நன்றாகச் சூடேறினாலும், தெளிந்த இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும்.

இரவில் செலவழிக்கும் வெப்பம் எங்கே சேமிக்கப்பட்டிருந்தது என்பதும் முக்கியம். அது காற்றில் இல்லை. ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பத்தின் அளவை வெப்பக் கொள்ளளவு என்பர். ஒரு லீற்றர் நீரின் வெப்பக் கொள்ளளவு ஒரு லீற்றர் காற்றினதைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு. ஈரமான மண்ணும் நீரைப் போலவே பெருமளவு வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பிற்பகல் நான்கு மணிக்கு உள்ளே கையை விட்டால் உணரும் சூடான காற்று சூரியன் மறைந்த சற்று நேரத்தில் ஆறிவிடும்; விடியும்வரை செடியைக் காப்பது மண்ணில் ஊறிய சூடே. பெட்டியின் பின்பலகையை ஒட்டி நீர் நிரப்பிய, கறுப்பு நிறம் பூசிய பால் கலன்களை அடுக்கி வைப்பவர்கள் செய்வது இந்தச் சேமிப்பைக் கூட்டுவதுதான். நீர் உறைந்து விரியும்போது கலன் வெடிக்காதிருக்க, மேலே சிறிது வெற்றிடம் விட வேண்டும்.

இவ்வளவு இருந்தும், இரவில் பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலை பொதுவாக வெளியே இருப்பதைவிடச் சில பாகைகளே கூடுதலாக இருக்கும். கடுங்குளிர் வரும் இரவில் பழைய போர்வையையோ வைக்கோல் பாயையோ கண்ணாடியின்மேல் விரித்தால் இன்னும் சிறிது தாங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், பகலில் கண்ணாடி காற்றைத் தடுக்கிறது. இரவில் கதிர் வழியான இழப்பைக் குறைக்கிறது. சேமிப்பறையாக இருப்பது மண். கண்ணாடி தானாக வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை.

## எந்தப் பயிருக்கு, எந்த மாதத்தில்

மிளகாய், கத்தரி, வெண்டை, முளைக்கீரை போன்ற நம் ஊர்ப் பயிர்கள் உறைவதற்கு முன்பே நலிந்துவிடும். ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே பல மணிநேரம் இருந்தாலே அவற்றின் இலையும் வேரும் பாதிக்கப்படும்; இதைக் குளிர்த்தாக்கம் என்பர். சனவரியில் வெளியே மறை 15 பாகை இருக்கும்போது உள்ளே மறை 10 பாகை இருப்பதால் மிளகாய்க் கன்றுக்கு ஒரு பயனும் இல்லை. கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

ஸ்பினாச், கேல், சலாது, கொத்தமல்லி, வெங்காயத்தாள் போன்றவை வேறு இனம். ஸ்பினாச்சின் இலை இரவில் உறைந்து கண்ணாடிபோல விறைத்திருந்தாலும், நண்பகலில் இளகியதும் பழையபடி நிமிர்ந்துவிடும். விறைத்திருக்கும்போது பறித்தால் மட்டும் சமையலறையில் குழைந்து கெட்டுப்போகும். ஆகவே இளகும்வரை காத்திருந்து பறிக்க வேண்டும்.

வெப்பத்தைப் போலவே ஒளியும் ஒரு எல்லையை வகுக்கிறது. ரொறன்ரோவில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 9 மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. நவம்பர் தொடக்கம் முதல் பெப்ரவரி தொடக்கம் வரை பகல் ஏறத்தாழ 10 மணிநேரத்துக்கும் குறைவாக இருப்பதால், குளிர் தாங்கும் பயிர்களின் வளர்ச்சியும் அக்காலத்தில் நின்றதுபோலவே ஆகிவிடும். எனவே ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களிலேயே விதைத்து, நவம்பருக்குள் முக்கால் பங்கு வளர்ச்சியைப் பெற வைத்துவிட்டால், பெட்டி அச்செடிகளைக் கெடாமல் பேணித் தரும். நவம்பரில் விதையைப் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று யன்னலைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இளவேனிலில்தான் பெட்டியின் முழுப் பயனும் கிடைக்கிறது. மார்ச் இறுதியில் கீரை, சலாது, முள்ளங்கி விதைக்கலாம். நிலக்கீழறையில் விளக்கொளியில் வளர்த்த மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை மே மாதத்தில் வெளிச்சூழலுக்குப் பழக்கவும் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வீட்டுக்குள் வளர்ந்த இலை மென்மையானது. நேரே வெயிலிலும் காற்றிலும் நட்டால் வெளிறி உலர்ந்துவிடும். ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை, நாளுக்கு நாள் மூடியைக் கூடுதலாகத் திறந்து பழக்குவதை நாற்றை வன்மைப்படுத்துதல் என்பர். விக்ரோறியா நாள் விடுமுறையை ஒட்டி நிலத்தில் நடும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பெட்டி நிறைந்திருக்கும்.

## யன்னலைத் தெரிவுசெய்தல்

எல்லாப் பழைய யன்னலும் ஒன்றல்ல. இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்து வீடுகளில் குளிர்காலத்துக்கு மட்டும் வெளிப்புறம் மாட்டிவைத்த, ஸ்டோர்ம் விண்டோ எனப்படும் ஒற்றைக் கண்ணாடி மரச்சட்டம். இலேசானது, தனியே கழலக்கூடியது, தெளிந்த ஒற்றைக் கண்ணாடியானதால் வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விடும். ஹபிடாற் அமைப்பு நடத்தும் றீஸ்ரோர் போன்ற பழைய கட்டடப்பொருள் கடைகளிலும் கிடைக்கும்.

இரட்டைக் கண்ணாடி யன்னல் இரவில் கூடுதலாகக் காக்கும். ஆனால் பாரம் கூடியது. கண்ணாடியின் எடை, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ. 30 அங்குலமும் 36 அங்குலமும் கொண்ட யன்னலில் 3 மில்லிமீற்றர் கண்ணாடி ஒன்று ஏறத்தாழ 5 கிலோ. இரட்டையென்றால் 10 கிலோ. சட்டத்தின் எடை வேறு. பிற்கால இரட்டைக் கண்ணாடிகள் பலவற்றில், அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் இருக்கும். அது வீட்டுக்கு நல்லது. ஆனால் பூச்சின் வகையைப் பொறுத்து உள்ளே வரும் வெயிலில் ஒரு பங்கும் குறையும். கண்டறிய எளிய வழி உண்டு: இருட்டில் தீக்குச்சிச் சுவாலையைக் கண்ணாடியருகே பிடித்துப் பார்த்தால், இரட்டைக் கண்ணாடியில் நான்கு பிம்பங்கள் தெரியும். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பூச்சு இருக்கிறது என்று பொருள்.

எடையைவிடப் பெரிய கவலை ஈயம். கனடாவில் உட்புறப் பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு 1976இல்தான் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ற்றில் அதற்கு 1978இல் தடை வந்தது. 1960க்கு முந்தைய வீட்டின் யன்னல் என்றால், அதன் பூச்சில் ஈயம் இருப்பதாகவே கருதிக்கொள்வது நல்லது. அத்தகைய சட்டத்தை உலர்ந்த அரத்தாளால் தேய்க்கவும் கூடாது, வெப்பத் துப்பாக்கியால் சுடவும் கூடாது. இரண்டும் ஈயத்தைத் தூசாகவும் புகையாகவும் மூச்சுக்குள் அனுப்பும். பூச்சு உரிந்து விழும் நிலையில் இருந்தால் அந்த யன்னலை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. நாம் அதன் கீழே வளர்ப்பது கீரை. உரிந்த செதில் விழுவது நாம் உண்ணும் இலைமேலும் பல ஆண்டு பயன்படுத்தப்போகும் மண்மேலும். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும், பட்டி (putty) எனப்படும் பழைய பசையிலும் ஈயமோ கல்நாரோ இருக்கக்கூடும். உதிர்ந்தால் ஈரப்படுத்தி, கையுறையோடு அகற்ற வேண்டும்.

சாதாரண யன்னல் கண்ணாடி உடைந்தால் நீண்ட கூரிய துண்டுகளாகும். சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றமானால், மூலையில் முத்திரை பொறித்த வன்கண்ணாடியைத் தேடுவது உசிதம். அது சிறு துகள்களாகவே உடையும்.

## பலகையை வெட்டுதல்

யன்னலை முதலில் எடுத்து, அதன் அளவுக்குப் பெட்டியைச் செய்ய வேண்டும். மாறிச் செய்தால் பொருத்தமான யன்னலைத் தேடி அலைய நேரும். கண்ணாடியைப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்கள் இருந்தால், அவை சரிவோடு மேலிருந்து கீழாக ஓடும்படி யன்னலை வைக்க வேண்டும். குறுக்கே கிடந்தால் ஒவ்வொன்றிலும் மழைநீர் தேங்கி மரத்தை உக்கச் செய்யும்.

முன்னிருந்து பின்னாக 30 அங்குலம் உள்ள யன்னலுக்கு எளிய அமைப்பு இது. நான்கு பக்கத்துக்கும் 2×10 பலகை ஒவ்வொன்று. அதன் உண்மையான அகலம் 9¼ அங்குலம். பின்புறம் மட்டும் அதன்மேல் 2×6 பலகை ஒன்றை, அதாவது 5½ அங்குலத்தை, ஏற்றினால் பின்னுயரம் 14¾ அங்குலம் ஆகும். பக்கங்களுக்கு மேற்கொண்டு பலகை வாங்க வேண்டியதில்லை: 30 அங்குல நீளமுள்ள ஒரே 2×6 துண்டை மூலைக்கு மூலை சாய்வாக அறுத்தால், இரு பக்கத்துக்கும் வேண்டிய ஆப்பு வடிவத் துண்டுகள் இரண்டும் கிடைத்துவிடும். ஆப்பின் கூர்முனையில் திருகாணி போட்டால் மரம் பிளக்கும். ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். மூலைகளில் உட்புறம் 2×2 கட்டைகளை நிறுத்திப் பலகைகளை அவற்றோடு திருகாணியால் இறுக்கினால் பெட்டி முடிந்தது. யன்னல் பெட்டியின் முன்விளிம்பை அரை அங்குலம் தாண்டி நின்றால் நீர் வெளியே சொட்டும். பின்விளிம்பில் இரு பிணைச்சல்கள், மூடி பின்னே சாய்ந்து விழாதிருக்க ஒரு சங்கிலி, காற்றில் எழும்பாதிருக்க முன்னே ஒரு கொளுக்கி. இவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

மரம் சீடர் ஆக இருந்தால் நீடிக்கும். பழைய பச்சைநிறப் பதனிட்ட பலகையைத் தவிர்க்க வேண்டும். 2003 இறுதிவரை வீட்டுத் தேவைக்கு விற்ற அத்தகைய மரங்களில் ஆர்சனிக் சேர்ந்த பதனப்பொருள் பயன்பட்டது. தண்டவாளக் கட்டைகளும் கிரியோசோற் என்னும் நச்சுத் தார் எண்ணெய் ஊறியவை என்பதால் ஆகாது.

மேற்சொன்ன அளவுகளில் சரிவு ஏறத்தாழ 10 பாகைக் கோணம். இது சிறியதாகத் தோன்றலாம். டிசெம்பர் 21 நண்பகலில் யாழ்ப்பாணத்தில் சூரியன் அடிவானிலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். ரொறன்ரோவில் 23 பாகைதான். அவ்வளவு தாழ்ந்த வெயிலில், கிடையாக வைத்த கண்ணாடியைவிட 10 பாகை சரிந்த கண்ணாடி ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலான நேரடி ஒளியை வாங்கும்.

## இடம்

தாழ்ந்த வெயில் நெடிய நிழலைத் தரும். 6 அடி உயரமான வேலி அந்த நண்பகலில் ஏறத்தாழ 14 அடிக்கு நிழல் வீசும். இங்கிலாந்தின் இலண்டனில் வசிப்பவருக்கு அது 22 அடி. கோடையில் முழு வெயில் விழும் மூலை குளிர்காலத்தில் இருண்டிருக்கலாம் என்பதால், இடத்தைச் சித்திரையில் அல்ல, மார்கழியில் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். வீட்டின் தென்சுவரை ஒட்டிய இடம் நல்லது. பலகையைச் சுற்றி வெளிப்புறம் மண் அணைத்தால் கீழிடுக்கு வழியே காற்றுப் புகாது.

## திறப்பதும் மூடுவதும்

குளிரால் இறக்கும் செடிகளைவிட, மூடிய பெட்டியின் சூட்டில் வெந்து இறக்கும் செடிகளே அதிகம் என்று துணிந்து சொல்வேன். முதற்பந்தியில் கண்ட "கருகிப்போயிற்று" என்ற குறையும் பெரும்பாலும் இதனால்தான். வெளியே 5 பாகை மட்டுமே உள்ள வெயில் நாளில்கூட, மூடிய பெட்டிக்குள் 30 பாகையைத் தாண்டிவிடலாம். வெயில் காரினுள் பிள்ளையை விட்டுச் செல்ல மாட்டோம். நாற்றுக்கும் அதே நியாயம்.

உள்ளே செடியின் உயரத்தில், நேரடி வெயில் படாதபடி ஒரு சிறு பலகைத் துண்டின் நிழலில், உயர்வையும் தாழ்வையும் பதியும் வெப்பமானி ஒன்றை வைக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் தொங்கும் வெப்பமானி தன் சூட்டைக் காட்டுமே தவிரக் காற்றின் சூட்டைக் காட்டாது. கீரை, சலாது வகைகளுக்கு உள்ளே 20 பாகையை நெருங்கும்போதே மூடியைத் தூக்கிவிட வேண்டும். மூன்று படிகள் வெட்டிய ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தால், இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், எட்டு அங்குலம் எனத் தேவைக்கேற்பத் திறக்கலாம். வெயில் சாயுமுன், அதாவது பிற்பகல் மூன்று நான்கு மணிக்கே மூடிவிட்டால்தான் மண்ணின் சேமிப்பு இரவுக்கு மிஞ்சும்.

பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தானியங்கித் திறப்பான் உதவும். அதன் உருளைக்குள் உள்ள மெழுகு சூட்டில் விரிந்து தண்டைத் தள்ளும், மின்சாரம் தேவையில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை 7 கிலோ அளவுக்கே தூக்கும். ஒற்றைக் கண்ணாடி யன்னலை நான் பரிந்துரைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

காற்றோட்டம் ஈரத்தையும் வெளியேற்றுகிறது. காலையில் கண்ணாடியின் உட்புறம் நீர் முத்துமுத்தாகப் படிந்து, நண்பகலிலும் போகாமல் நின்றால், நாற்றின் அடித்தண்டு கறுத்து மடியும் நாற்றழுகல் நோய் வரும். குளிர்நாட்களில் நீரைக் குறைத்து, ஊற்றுவதையும் காலையிலேயே ஊற்ற வேண்டும். பனிகொட்டினால் மெல்லிய படலத்தைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். ஈரப்பனி கனமாகச் சேர விட்டால் பழைய கண்ணாடி தாங்காது.

ஜூன் வந்ததும் பிணைச்சலின் ஆணியைக் கழற்றி, யன்னலை நிழலான இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். பட்டி விட்ட இடங்களைச் சீராக்கவும் கீழ்ச்சட்டத்தில் உக்கல் இருக்கிறதா என்று கத்தி நுனியால் குத்திப் பார்க்கவும் அதுவே காலம். மூடியில்லாத பெட்டிக்குள் கோடை முழுவதும் மிளகாயையோ கத்தரியையோ நட்டு வைக்கலாம். ஓகஸ்ட் கடைசியில் அதன் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு ஸ்பினாச் விதையைத் தூவினால், ஒக்ரோபரில் யன்னல் திரும்பவும் ஏறும்போது அது நான்கு இலைக்கு மேல் விட்டிருக்கும்.